வெயிலை ஐஸாகச் சேமிப்போம்

சோலர் என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு முதலில் ஞாபகம் வருவது இரவில் எரியும் ஒரு பல்ப். கூரையில் சின்னதாக ஒரு பனல், மூலையில் ஒரு பற்றரி, நடுவில் ஒரு விளக்கு. சூரியன் இல்லாத நேரத்துக்கு வெளிச்சம் தருவதுதான் அதன் வேலை என்று நினைத்துப் பழகிவிட்டோம். இலங்கையின் முல்லைத்தீவுக் கரையிலுள்ள நாயாறு போன்ற ஒரு கடற்கரை ஊரை மனதில் வைத்து யோசிக்கும்போது, இந்தப் பழக்கம் நமக்குப் பெரிய நட்டத்தைத் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சூரியக்கலம் பகலில் உழைக்கும் பொருள். அது தரும் மின்சாரத்தைப் பகலிலேயே ஒரு வேலையில் செலுத்தி, அந்த வேலையின் பலனைச் சேமித்து வைப்பதுதான் ஊருக்கு இலாபம். தண்ணீராகச் சேமிக்கலாம், ஐஸாகச் சேமிக்கலாம். பற்றரி என்பது கடைசி வழி. சின்னத் தேவைகளுக்கு மட்டும் போதும். இந்த முடிவுக்கு நான் வந்த காரணம் அந்தக் கலத்துக்குள் நடப்பதிலேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சூரியக்கலத்தின் மூலப்பொருள் சிலிக்கன். மணலிலும் குவாட்ஸ் கல்லிலும் ஒட்சிசனோடு சேர்ந்து கிடக்கும் மூலகம் அது. அதைப் பிரித்து, மிக உயர்ந்த அளவுக்குத் தூய்மையாக்கி, பளிங்காக வளர்த்து, ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிப்பில் தகடுகளாக அறுக்கிறார்கள். ஒவ்வொரு சிலிக்கன் அணுவுக்கும் வெளியோட்டில் நான்கு இலத்திரன்கள். நான்கும் பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்பதால், தூய சிலிக்கனில் ஓடித்திரிய இலத்திரன் இல்லை என்றே சொல்லலாம். தகட்டின் ஒரு பக்கத்தில், வெளியோட்டில் ஐந்து இலத்திரன்கள் உள்ள பொசுபரசை மிகச் சிறிதளவு கலந்தால், கைகோக்க இடம் கிடைக்காத இலத்திரன்கள் மிஞ்சும். இது என்-வகை. மறுபக்கத்தில் மூன்று இலத்திரன்கள் மட்டுமே உள்ள போரனைக் கலந்தால் வெற்றிடங்கள் உண்டாகும். அவற்றைத் துளைகள் என்கிறோம், இது பி-வகை. இரண்டும் சந்திக்கும் மெல்லிய எல்லையில், இந்தப் பக்கத்து இலத்திரன்கள் சில அந்தப் பக்கத்துத் துளைகளை நிரப்பிவிடும். அதனால் எல்லையின் ஒரு புறத்தில் நேரேற்றமும் மறுபுறத்தில் மறையேற்றமும் நிலைத்துவிடும். அந்த இரண்டு ஏற்றங்களுக்கும் இடையே உண்டாகும் மின்புலம், இலத்திரனை ஒரு திசைக்கு மட்டும் தள்ளும் காவலாக நிற்கிறது.

கடலேரியில் கூடு வைத்து மீன் பிடிப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். கூட்டின் வாய் உள்ளே போவதற்கு இலகுவாகவும் திரும்பி வருவதற்குக் கடினமாகவும் அமைந்திருக்கும். கலத்தின் சந்தியும் அப்படித்தான். ஒளி என்பது சிறு சிறு சக்திப் பொட்டலங்களாக வருகிறது. போதிய சக்தியுள்ள ஒரு பொட்டலம் சிலிக்கனுக்குள் புகுந்தால், கைகோத்து நின்ற ஓர் இலத்திரன் விடுபடும். சந்தியில் உள்ள மின்புலம் அதை என்-பக்கத்துக்குத் தள்ளிவிடும். வந்த வழியே திரும்ப அந்தப் புலம் விடாது. வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றி வந்துதான் மறுபக்கத்தில் தன்னுடைய வெற்றிடத்தை அது அடைய முடியும். சுற்றி வரும் அந்தப் பாதையில் நாம் ஒரு விளக்கையோ மோட்டரையோ வைத்தால் அது இயங்கும். ஒரு கலம் தருவது ஏறக்குறைய அரை வோல்ற்றுதான். 12 வோல்ற்றுப் பற்றரிக்கு மின்னேற்றும் பழைய பனல்களில் 36 கலங்களைத் தொடராக இணைத்திருப்பது அதனால்தான். கலத்துக்குள் எதுவும் எரிவதில்லை, எதுவும் சுழல்வதில்லை. இருபது இருபத்தைந்து வருடங்கள் அது உழைப்பதன் காரணம் இந்த எளிமை. ஆனால் இதே எளிமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு: கலம் எதையும் சேமித்து வைப்பதில்லை. ஒளி விழும் கணத்தில் ஓடும். மேகம் மறைத்தால் குறையும். பொழுது பட்டால் நிற்கும்.

கலத்தின் வேறு சில குணங்களையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. வெயிலில் உள்ள சக்தி முழுவதையும் அது மின்சாரமாக்குவதில்லை. அகச்சிவப்புக் கதிர்களின் ஒரு பகுதி இலத்திரனை விடுவிக்கப் போதாமல் கடந்துபோகும். நீல ஒளியில் தேவைக்கு மிஞ்சியிருக்கும் சக்தி வெப்பமாகிவிடும். ஒற்றைச் சந்தி கொண்ட கலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரமாக்க முடியாது என்று 1961-ல் ஷொக்லி, குவைசர் என்ற இரண்டு பௌதிக அறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று கடையில் கிடைக்கும் நல்ல பனல்கள் 20 வீதத்தைக் கொஞ்சம் தாண்டுகின்றன. இரண்டாவது, கலத்துக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. பனலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் வாற்று அளவு, கலம் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது அளந்தது. வன்னி வெயிலில் நடுப்பகலில் கலத்தின் சூடு 60 பாகையைத் தொடும். ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் வரை குறைவதால், எழுதியிருப்பதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடும். ஆகவே தகரத்தோடு ஒட்டிப் பூட்டாமல் கீழே காற்றோட இடம்விட வேண்டும். கடற்காற்று வீசும் ஊருக்கு இது ஒரு வரம். மூன்றாவது, கலங்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு கலத்தில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துப்பிடிக்கும். இதைச் சமாளிக்கப் பனலுக்குள் இருவாயிகள் (டயோட்) வைக்கிறார்கள். என்றாலும் ஒரு தென்னோலையின் நிழல் பனலின் மூன்றில் ஒரு பகுதியை முடக்கிவிடும்.

இந்தக் கருவி பிறந்த வரலாறும் நம்முடையதைப் போன்ற இடங்களோடு தொடர்புள்ளதுதான். ஒளியால் மின்னோட்டம் உண்டாவதைப் பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் 1839-லேயே கண்டார். ஆனால் வேலைக்கு உதவும் கலம் வந்தது 1954 ஏப்ரலில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில். சப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் செய்த சிலிக்கன் கலம் வெயிலில் 6 வீதத்தை மின்சாரமாக்கியது. அந்த ஆய்வு தொடங்கியதற்குக் காரணம், ஈரப்பதம் மிகுந்த வெப்பநாடுகளின் தொலைதூரத் தொலைபேசி நிலையங்களில் உலர் பற்றரிகள் சீக்கிரம் கெட்டுப்போனது. நமது காலநிலையில் பற்றரி படும் பாட்டிலிருந்து பிறந்த யோசனை அது. நான்கு வருடம் கழித்து, 1958 மார்ச்சில் விண்ணுக்குப் போன வான்கார்ட் 1 செய்மதியில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பற்றரியில் ஓடியது சில மாதங்களில் நின்றுவிட்டது. சூரியக்கலத்தில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. பற்றரி சாகும், கலம் வாழும் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. இன்று கல்குலேட்டரிலிருந்து வீதி விளக்கு வரை, தொலைபேசிக் கோபுரத்திலிருந்து யானைவேலி வரை கலம் எங்கும் இருக்கிறது. பழுதான சோலர் ஒன்றைத் திறந்து பாருங்கள். அநேகமாகச் செத்திருப்பது பற்றரியாகத்தான் இருக்கும்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நமது வறண்ட வலயத்தில் ஒரு கிலோவாற்று அளவுள்ள பனல்கள், வருடம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிற் (கிலோவாற்றுமணி) தரும். அதில் பெரும்பகுதி காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் வந்துவிடும். 12 வோல்ற்று, 100 அம்பியர்மணி ஈயப் பற்றரி ஒன்று முழுதாகப் பிடிப்பது 1.2 யூனிற். அது நீடித்து உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகவே கையில் வருவது 0.6 யூனிற். ஒரு கிலோவாற்றுப் பனலின் ஒருநாள் உழைப்பைப் பிடித்துவைக்க இப்படிப்பட்ட ஆறேழு பற்றரிகள் வேண்டும். சில வருடங்களில் அத்தனையையும் மாற்றவும் வேண்டும். லிதியம் பற்றரி இதைவிட நல்லது, நீண்டகாலம் உழைக்கும்; ஆனால் முதலில் கொடுக்கும் காசு அதிகம். பெரிய திட்டங்களும் இதே சுவரில்தான் முட்டுகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்பு மின்திட்டத்தைப் பாருங்கள். சூரியன் 1,700 கிலோவாற்று, காற்று 530 கிலோவாற்று, பற்றரி 2,400 யூனிற், அதோடு துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல். பனல்கள் முழு வலுவில் ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் அந்தப் பற்றரி நிரம்பிவிடும். பல மில்லியன் டொலர் திட்டமே அவ்வளவுதான் சேமிக்கிறது என்றால், ஒரு மீன்வாடியோ ஒரு வீடோ பகல் முழுவதையும் பற்றரிக்குள் அடைக்க நினைப்பது எட்டாத காரியம்.

ஆனால் வெயிலைச் சேமிப்பது நம்முடைய ஆட்களுக்குப் புதிய வித்தையா? கருவாடு என்பது சேமித்த வெயில். ஆனையிறவு உப்பு சேமித்த வெயில். ஒடியலும் புழுக்கொடியலும் வற்றலும் வடகமும் சேமித்த வெயில். மாரியில் சாப்பிடுவதற்காகக் கோடை வெயிலைப் பொருளாக மாற்றி, சாக்கிலும் பானையிலும் கட்டி வைத்தவர்கள் நாம். சக்தியைச் சக்தியாகவே அடைத்து வைப்பதைவிட, அதன் பலனைப் பொருளாக்கி வைப்பது மலிவு என்பதை அம்மம்மா காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். சூரியக்கலம் வந்தபோது அந்த அறிவைக் கையில் எடுக்காமல், பல்ப்பையும் பற்றரியையும் மட்டும் பார்த்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். கலம் செய்யக்கூடியது, அந்தப் பழைய அறிவை விரித்துக் கொடுப்பது. வெயில் தானாகச் செய்ய முடியாத இரண்டு வேலைகளை மின்சாரம் செய்யும்: குளிர வைக்கும், தண்ணீரை மேலே தூக்கும்.

முதலில் ஐஸ். மீன்பிடி ஊர் ஒன்றில் ஐஸ் இருப்பதும் இல்லாததும்தான் விலையைத் தீர்மானிக்கிறது. நமது வெப்பத்தில் வெளியே கிடக்கும் மீன் ஒரு நாள் தாங்காது. ஐஸில் வைத்தால் பல நாட்கள் தாங்கும். ஐஸ் கையில் இல்லாதவர் வாடிக்கு வரும் முதல் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டும். ஐஸ் இருப்பவர் நாளைய சந்தையைப் பார்த்துப் பேசலாம். வெப்பமான கரைகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. ஒரு தொன் கட்டி ஐஸ் உறைய வைக்க 60 முதல் 80 யூனிற் வரை தேவைப்படும். மேலே சொன்ன கணக்குப்படி 20 கிலோவாற்று பனல் இருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 80 யூனிற். அதாவது ஒரு தொன் ஐஸ், ஒரு தொன் மீனுக்கான காவல். இன்றைய பனல்களில் 20 கிலோவாற்றுக்கு வேண்டிய இடம் நூறு சதுர மீற்றரைச் சுற்றித்தான் வரும். ஒரு சங்கக் கட்டடத்தின் கூரையும் அதோடு ஒரு தாழ்வாரமும் இருந்தால் போதும். அந்த ஐஸ் தடித்த காப்புள்ள பெட்டியில் இரவு முழுவதும் கிடக்கும். அதுதான் பற்றரி. ஈயமும் இல்லை, அமிலமும் இல்லை, சில வருடங்களில் மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. மேகம் கடக்கும் நிமிடங்களுக்கு மின்சார சபையின் இணைப்பு துணைக்கு நிற்கலாம்.

இது கற்பனைக் கணக்கு என்று நினைக்கத் தேவையில்லை. தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிகளில் இதே மாற்றம் ஏற்கனவே நடந்துவிட்டது. மின்சாரம் இல்லாத ஊர்களின் சிகிச்சை நிலையங்களுக்கு முன்பு பனல், பற்றரி, பெட்டி என்று கொடுத்தார்கள். பற்றரி செத்ததும் பெட்டியும் செத்தது. பிறகு வந்த பெட்டிகளில் பனலை நேரே குளிரூட்டியோடு இணைத்துவிட்டார்கள். பகலில் பெட்டியின் சுவருக்குள் ஐஸ் உறையும். இரவிலும், வெயில் குறைந்த நாட்களிலும் அந்த ஐஸ் தடுப்பூசியைக் காக்கும். உலக சுகாதார நிறுவனம் தரம் பார்த்து அங்கீகரிக்கும் வரிசையில் இந்த வகைப் பெட்டிகள் இன்று இருக்கின்றன. குழந்தைகளின் தடுப்பூசியை நம்பி ஒப்படைக்கக்கூடிய முறை ஒன்றை மீனுக்குப் பயன்படுத்தத் தயங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது தண்ணீர். ஆயிரம் லீற்றர் தண்ணீரைப் பத்து மீற்றர் உயர்த்த, பம்ப்பில் போகும் நட்டத்தையும் சேர்த்தால், 0.07 யூனிற் போதும். ஆகவே ஒரு கிலோவாற்றுப் பனல் ஒரு நாளில் ஐம்பதாயிரம் லீற்றர் வரை இறைத்துத் தரும். நிலக்கடலைக்கும் தோட்டப் பயிருக்கும் தண்ணீர் வேண்டியது பகலில்தான்; வீட்டுத் தொட்டி நிரம்ப வேண்டியதும் பகலில்தான். உயரத்தில் வைத்த தொட்டி ஒரு பற்றரி. 2022 ஆகஸ்ட் மாதத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. படகும் பம்ப்பும் மண்ணெண்ணெயில் ஓடும் ஊர்களில் அது என்ன செய்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு விவசாயியின் பம்ப்பை அந்த விலையிலிருந்து கழற்றிவிட முடியும் என்பது சின்ன விசயமில்லை. படகைக் கழற்ற முடியுமா என்று கேட்டால், இன்றைக்கு முடியாது என்பதே நேர்மையான பதில். 25 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் 18 கிலோவாற்றுக்கு மேல் தரும். ஒரு சிறுபடகில் விரிக்கக்கூடிய நான்கு சதுர மீற்றர் பனல் ஒரு கிலோவாற்றைக்கூடத் தராது. சூரியக்கலம் எதற்கு உதவும் என்று சொல்கிறவர், எதற்கு உதவாது என்றும் சொல்ல வேண்டும்.

இந்த யோசனைக்கு வரும் முதல் மறுப்பு மாரியைப் பற்றியது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை முல்லைத்தீவு வானம் மூடிக்கிடக்கிறதே, அப்போது பனல் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடைமழை நாட்களில் பனல் தன் வழக்கமான அளவில் ஒரு சிறு பகுதியைத்தான் தரும். பல்ப்பை மட்டும் மனதில் வைத்தால் இது பெரிய குறை. ஏனென்றால் மாரி இருட்டில்தான் விளக்கு அதிகம் வேண்டும். வேலையை மனதில் வைத்துப் பாருங்கள், படம் மாறிவிடும். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது இந்தக் கரையில் தொழில் சுருங்குகிறது. பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை கடல் திறந்திருக்கும் மாதங்கள்தான் இங்கே மீனின் காலம். தென்பகுதித் தொழிலாளர்கள் வந்து நாயாற்றில் வாடி அடிப்பதும் அந்தக் காலத்தில்தான். வெயில் கொளுத்தும் மாதங்களும் அவைதான். வயலிலும் இதே ஒழுங்கு. காலபோகத்துக்கு மழை தண்ணீர் கொடுக்கிறது. சிறுபோகத்துக்கும் கோடைத் தோட்டத்துக்கும்தான் இறைப்புத் தேவை. பனல் சோரும் மாதங்களில் ஐஸுக்கும் இறைப்புக்கும் தேவை குறைவு. பனல் அள்ளித்தரும் மாதங்களில் இரண்டுக்கும் தேவை உச்சம். இவ்வளவு பொருத்தமான ஒரு கூட்டாளி நமக்கு வேறு எங்கே கிடைக்கும்?

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மின்கம்பம் வந்துவிட்டதே, இனிச் சோலர் எதற்கு? 1990-க்குப் பிறகு போர் முடியும் வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலைப்பின்னல் என்ற ஒன்றே இல்லை. பற்றரியும் எரிபொருளும் பொருளாதாரத் தடைக்குள் அடங்கிய காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஒரு தலைமுறைக்கு, வீட்டு வாசலில் ஒரு மின்கம்பம் என்பது வெறும் வசதி மட்டுமல்ல. அதன் மதிப்பை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். அதே காலத்தில், 1997 தொடக்கம், உலக வங்கியின் உதவியோடு நாட்டின் ஏனைய கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சின்னச் சோலர் தொகுதிகளைக் கடனில் வாங்கின. சில விளக்குகள், ஒரு சிறிய தொலைக்காட்சி. மின்கம்பம் வந்ததும் பல வீடுகளில் அவை மூலைக்குப் போயின. விளக்காக மட்டும் நின்று போட்டியிட்டால் சோலர் மின்கம்பத்திடம் தோற்றுப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. என் வாதம் அதனாலேயே உறுதிப்படுகிறது.

மேலும், மின்கம்பமும் சோலரும் எதிரிகளும் இல்லை. ஆனால் நேரம் அறிந்து பழக வேண்டியவர்கள். நமது நாட்டில் கூரைச் சோலரை மின்சார சபையின் கம்பியோடு இணைக்கும் முறை 2010-ல் வந்தது. 2016-ல் சூரிய பல சங்கிராமம் என்ற அரசின் கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபின் வேகம் பிடித்து, இன்று கூரைகள் மட்டும் ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டி நிற்கின்றன. இதன் விளைவைச் சென்ற சில வருடங்களில் கண்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் இருண்டது. மின்பாவனை குறைந்த ஒரு ஞாயிறு நண்பகலை அண்டிய நேரத்தில் சோலரின் பங்கு மிக அதிகமாக இருந்ததால், வலைப்பின்னலால் அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி சபையே கேட்டுக்கொண்டது. வெயில் கொட்டும் நேரத்தில் மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை. இரவு ஏழு மணிக்கோ அதே நாடு எண்ணெயையும் நிலக்கரியையும் எரிக்கிறது. நண்பகல் மின்சாரத்தை அந்த இடத்திலேயே ஐஸாகவும் தண்ணீராகவும் மாற்றும் ஓர் ஊர், தன் தேவையை மட்டும் தீர்க்கவில்லை. நாட்டின் வலைப்பின்னலில் இருந்தும் ஒரு சுமையை இறக்குகிறது.

இங்கே இன்னொரு தப்பெண்ணத்தையும் தீர்த்துவிட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, கூரை நிறையப் பனல் வைத்திருந்த பல வீடுகளும் நண்பகலில் மின்விசிறி சுழலாமல் இருந்தன. பலர் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். காரணம் பாதுகாப்பு. வீதிக் கம்பியில் மின்சாரம் நின்றதும் இணைப்புச் சோலரின் இன்வேட்டர் தானாக நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளியின் உடலில் உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். வெட்டு நேரத்திலும் இயங்க வேண்டுமானால், வீதிக் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு தனித்து ஓடக்கூடிய இன்வேட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை ஏறியதை மறக்காத ஒரு கரைக்கு, இந்த வேறுபாடு முக்கியமானது. புயலுக்கு மறுநாள் தொலைபேசிக்கு மின்னேற்றவும் கிணற்றுத் தண்ணீர் எடுக்கவும் ஓர் இடமாவது ஊரில் இருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு காசு. பனலின் விலை மலிந்துவிட்டது என்பது உண்மை. 1970களில் ஒரு வாற்றுக்குப் பல பத்து டொலர் கேட்ட பொருள் இன்று ஒரு டொலரின் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் இன்வேட்டர், பனலைத் தாங்கும் சட்டகம், கம்பி, குளிர் இயந்திரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பம் தாங்கும் தொகையாக அது இருக்காது. நுண்கடனில் வாரக் கட்டுப்பணம் கட்டி நொந்துபோன பெண்கள் வன்னி எங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்னொரு கடன் எடுத்துச் சோலர் பூட்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் கூடாது. இது தனி வீட்டின் முதலீடாக வரக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு. ஐஸும் தண்ணீரும் பொதுவில் செய்யும்போதுதான் மலிவு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் நம் ஊர்களில் ஏற்கனவே உள்ள வடிவங்கள். உதவித் திட்டக்காரர் வீட்டுக்கு ஒரு பனலும் பல்ப்பும் என்று பிரித்துக் கொடுப்பதை விட்டு, சங்கத்துக்கு ஓர் ஐஸ் அறை என்று கொடுக்கட்டும். கூடவே திருத்தத் தெரிந்த இரண்டு இளைஞருக்குப் பயிற்சியும், பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நிதியும் கொடுக்கட்டும். பனல் செய்ய எரித்த சக்தியைப் பனல் திருப்பித் தராது என்றும் சிலர் சொல்வதுண்டு. அது பழைய கதை. ஓரிரண்டு வருடத்தில் திருப்பித் தந்துவிட்டு, மீதி இருபது வருடத்துக்கும் மேல் இலாபத்தில் ஓடுகிறது.

கடைசியாக, தீங்கு பற்றிய கேள்வி. எண்ணெய்ச் செலவு இல்லாத பம்ப்பை நிறுத்த ஒரு காரணமும் இருக்காது, அதுவே ஆபத்து. நாயாற்றைப் போன்ற கரையோர மணலில், நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லைதான். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் உப்பு மேலே வரும். வந்த உப்பு எளிதில் போகாது. ஆகவே கரையோரத்தில் சோலர் பம்ப் என்றால் சின்னப் பம்ப், தொட்டி, சொட்டு நீர் என்ற மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். மலிந்த வெளிச்சமும் அப்படித்தான். சட்டவிரோதமாக வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதற்கு எதிராக 2018-ல் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பற்றரியும் எல்.ஈ.டி.யும் மலிய மலிய அந்த ஆசை பெருகும். அதைக் கட்டுப்படுத்த வேண்டியது சட்டம், கருவி இல்லை. செத்த ஈயப் பற்றரியைக் கொல்லைப்புறத்தில் உடைத்தால் ஈயம் மண்ணுக்கும் பிள்ளைகளின் உடலுக்கும் போகும். வாங்கும் கடையே திருப்பி எடுக்க வேண்டும் என்பதைப் பேரத்தின் ஒரு பகுதியாக்குங்கள். பற்றரியைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உப்புக்காற்றைத் தாங்கும் சோதனையில் தேறிய பனலைத்தான் கரைக்கு வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

கருவியை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன என்பதற்கு யானைவேலியைவிடத் தெளிவான உதாரணம் வன்னியில் இல்லை. சோலரில் ஓடும் முறையான வேலியில் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு தடவை, கண் இமைப்பதைவிட மிகக் குறுகிய ஒரு துடிப்பு மட்டும் பாயும். ஆயிரக்கணக்கான வோல்ற்று என்றாலும் யானை திடுக்கிட்டு விலகும், மனிதரும் தப்புவர். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொளுவி வைத்த வேலியோ யானையையும் கொல்லும், வயலுக்குப் போன மனிதரையும் கொல்லும். இரண்டும் மின்சாரந்தான். ஒன்று அளவும் நேரமும் தெரிந்து விடப்பட்டது. மற்றது கண்மூடித்தனமாக விடப்பட்டது.

ஆகவே நாயாற்றுக்கும் அதைப் போன்ற கரைகளுக்கும் என் கோரிக்கை இதுதான். சோலர் தருகிறோம் என்று யாராவது வந்தால், எத்தனை பல்ப் எரியும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அது எந்த வேலையைச் செய்யும் என்று கேளுங்கள். பல்ப்பும் தொலைபேசியும் இருக்கட்டும். ஐந்து வாற்று விளக்கு ஐந்து மணித்தியாலம் எரிய 25 வாற்றுமணி போதும், அதற்கு ஒரு சின்னப் பற்றரி காணும். மிச்சம் முழுவதும் வெயில் இருக்கும்போதே வேலையாகட்டும். பிற்பகல் கரைக்கு வரும் படகுக்கு ஐஸ் பெட்டி நிறைந்திருந்தால், அன்றைய மீனின் விலையைச் சொல்லும் உரிமை அந்தப் படகுக்காரரிடம் இருக்கும்.